ஒன்பது போத்தல்

கொழும்பிலிருந்து கடிதம் வந்தது:
முதல் சாக்கில் மாவு, கடைசிச் சாக்கில் குருணை.
ஒரே நாள், ஒரே இலக்கம், ஒரே கலவை என்று
நீங்கள் ஒட்டிய சீட்டு மட்டும்தான் ஒன்று.

அன்றைக்கே மூட்டை தைத்த மூவருக்கு
ஆளுக்கு இரண்டு பேர் வெட்டு.
(பேர் என்றால் இங்கே ஒரு நாள் கூலி.
அரைப் பேர் போட்டால் அரை ஆள்.)
செபமாலை, அழகர், இரவு ஷிப்ட் நாகவல்லி.
கலக்காமல் கொட்டினீர்கள் என்றார் டீமேக்கர்.
கலந்துதான் கொட்டினோம் என்றார்கள்.
சாட்சிக்கு என்னிடம் ஒரு தராசு,
ஐந்து சல்லடை.

பெரிய வித்தை ஒன்றுமில்லை.
வாட்டு மாடியில் கழற்றிப் போட்ட ஜன்னல் கண்ணாடி இரண்டை
இரண்டு விரல் இடைவெளியில் நிறுத்தி
மேலே ஒரு புனல் வைத்தேன்.
இரண்டு கிலோ தூளை
கை சலிக்கும்வரை நானே புரட்டி
எங்கே கிள்ளினாலும் ஒரே நிறம் என்றானதும்
மெல்ல ஊற்றினேன்.

கண்ணாடிக்குள் ஒரு மலை எழுந்தது.
குருணை உச்சியில் தங்கவில்லை,
சரிவில் உருண்டு ஓரத்துக்கு ஓடியது.
மாவு விழுந்த இடத்திலேயே
சந்துபொந்தில் புகுந்து உட்கார்ந்துகொண்டது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
நடுவில் கறுப்பு, இரு மருங்கும் பழுப்பு.
யாரும் பிரிக்கவில்லை.
ஊற்றினேன், அவ்வளவுதான்.

அடுத்தது நிஜத் தொட்டி.
மேல்மாடியிலிருந்து பன்னிரண்டு அடி விழுகிறது தூள்.
வாய் திறந்தால் நடு முதலில் இறங்கும்,
சுவரோரம் இருப்பது
கடைசிவரை காத்துக் கிடக்கும்.
இறங்க இறங்க ஒன்பது ஜாம் போத்தலில் பிடித்தேன்.
போகவந்தலாவையில் அன்று பகலிலேயே மூடுபனி,
கரண்டும் இல்லை.
சல்லடை மெஷின் செய்யும் ஐந்து நிமிடத்தை
என் தோள் செய்தது.

முதல் போத்தல்: நூற்றுக்கு அறுபத்தொன்று மாவு.
ஐந்தாவது: நாற்பத்தாறு.
ஒன்பதாவது: இருபத்துமூன்று.
நம்பாமல் மறுபடி கலந்து, மறுபடி கொட்டி,
மறுபடி பிடித்தேன்.
மூன்றாம் தடவையும் தும்மல் மட்டுமே புதிது.

இன்னொரு போத்தலை நன்றாகக் கலந்து
அட்டன் போகும் லொறியில் ஏற்றிவிட்டேன்.
வளைவெல்லாம் குலுங்கித் திரும்பி வந்தது:
குருணை மேலே, மாவு அடியில்.
ஊற்றினால் பெரியது கீழே ஓடும்,
குலுக்கினால் பெரியது மேலே ஏறும்.
எந்தப் பக்கம் போவதென்று
அதற்கே தெரியாது போல.

எழுதினேன்:
விழும் உயரத்தைக் குறைக்கவும்.
தொட்டிக்குள் தகரக் கூம்பு ஒன்றைக் கூர் மேலாகத் தொங்கவிடவும்,
நடுவும் ஓரமும் சேர்ந்து இறங்கட்டும்.
கூரைத் தகரத்தில் அதை அடித்துக் கொடுத்தது
செபமாலைதான். கூலி கேட்கவில்லை,
காரணமும் கேட்கவில்லை.
மறு சோதனை: நாற்பத்தாறு, நாற்பத்துமூன்று, நாற்பத்தைந்து...
ஒன்பதாவது நாற்பத்தொன்று.

டீமேக்கர் சிரித்தார். என் தோளைத் தட்டினார்.
வலித்தது.

"அப்ப எங்க பேரு?"
என்று கேட்டாள் நாகவல்லி, கதவு நிலையில் நின்று,
உள்ளே வராமல்.

அறிக்கைப் படிவத்தில் ஒன்பது கட்டம்.
பத்தாவதை நான் பென்சிலால் கோடு போட்டேன்:
வெட்டிய பேர் ஆறு.
பிழை, தொட்டியுடையது.
திரும்ப எழுத வேண்டியது ஆறு.

ஒன்பது வரைக்கும் கையொப்பம் வேகமாக இறங்கியது.
பத்தாவதின் மேல் பேனா நிற்கிறது.
கீழே தொட்டியின் வாயை யாரோ திறக்கிறார்கள்.
நடுவும் ஓரமும் சேர்ந்து இறங்கும் சத்தம்
மாடிவரை கேட்கிறது.